அத்தியாயம் 7: கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

சிறார் கால்பந்துப் போட்டியில் நடுவரைக் காப்பது எப்படி

மைதானம் பிடித்தாகிவிட்டது. அணிகள் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டன. கோப்பைகளும் வந்து இறங்கிவிட்டன. அடுத்து, விசில் ஊதப்போகிறவரைப் பற்றி யோசியுங்கள். நம்மூரில் 12 வயதுக்கு உட்பட்டோர், 14 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளுக்கு நடுவராக வருபவர் பெரும்பாலும் உடற்கல்விக் கல்லூரி மாணவர், அல்லது பக்கத்துப் பள்ளி பி.இ.டி. சார், அல்லது இரண்டு வருடம் முன்புவரை ஏதோ ஒரு அகாடமியில் ஆடிக்கொண்டிருந்த இளம்பெண். அவரைச் சுற்றிக் கோட்டுக்கு வெளியே நாற்பது ஐம்பது பெரியவர்கள் நிற்பார்கள். பத்தாவது நிமிடம் ஒரு த்ரோ-இன் மாறிப்போனால் போதும். "ரெஃப்ரி, கண்ணு தெரியலையா?" என்று ஆரம்பிக்கும். அரைமணி நேரத்தில் "எவ்வளவு வாங்கின?" என்பதில் வந்து நிற்கும். இப்படி இரண்டு மூன்று வாரக் கடைசிகள் போனால், அந்தப் பிள்ளை உங்கள் போனை எடுக்க மாட்டார். நடுவர் வேலையையே விட்டுவிடுவார்.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் எல்லாமே ஒரு விதியிலிருந்து வருகிறது. பெற்றோரைச் சமாளிப்பது போட்டி நடத்துகிறவரின் வேலை. அதை நடுவர் தலையில் கட்டக் கூடாது. ஆட்ட விதிகளே இதைச் சொல்கின்றன. ஆட்டக்காரர், மாற்று ஆட்டக்காரர், அணி அலுவலர் ஆகியோருக்கு நடுவர் கார்டு காட்டலாம். பார்வையாளருக்குக் காட்ட அவரிடம் கார்டு கிடையாது. வெளியிலிருந்து இடையூறு வந்தால் ஆட்டத்தை நிறுத்தலாம், கொஞ்ச நேரம் தள்ளிவைக்கலாம், கைவிடலாம். நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

போட்டிக்கு முந்தைய வாரம்

1. ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு எல்லைப் பொறுப்பாளரை நியமியுங்கள். அன்று ஆடும் எந்த அணியிலும் அவருடைய பிள்ளை இருக்கக் கூடாது. ஸ்கோர் எழுதுவது, பந்து பொறுக்கிப் போடுவது போன்ற வேலைகளை அவரிடம் தராதீர்கள். ஆட்டத்தைப் பார்ப்பதும் அவர் வேலை அல்ல. பார்ப்பவர்களைப் பார்ப்பதுதான் வேலை. ஓய்வுபெற்ற பி.இ.டி. மாஸ்டர் ஒருவர் கிடைத்தால் மிகவும் நல்லது. அவரிடம் படித்தவர்களே இன்று பெற்றோராக நிற்கும் ஊர்களில் அவர் குரலை உயர்த்தவே தேவையிருக்காது. அம்மாக்கள் நிறைய வரும் போட்டி என்றால் பெண் பொறுப்பாளர் ஒருவரும் அவசியம். தூரத்திலிருந்தே தெரியும்படி தனி நிற மேலங்கி கொடுங்கள்.

2. நடுவருடையதல்லாத சண்டைகளை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். நம்மூர்ச் சிறார் போட்டிகளில் பாதிச் சண்டை வயதில்தான் தொடங்குகிறது. "அந்தப் பையனைப் பாருங்க, மீசை இருக்கு!" என்று ஆட்டத்தின் நடுவே யாராவது கத்துவார்கள். அந்தக் கோபம் கடைசியில் நடுவர்மேல்தான் வந்து விழும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி அடையாளச் சான்று என்று எதைக் கேட்பதாக இருந்தாலும் முதல் நாளே மேசையில் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எதிரணிப் பட்டியலைப் பார்த்து ஆட்சேபம் சொல்ல ஒரு நேரம் குறியுங்கள். அந்த நேரம் தாண்டினால் ஆட்சேபம் ஏற்கப்படாது.

3. எதற்கு எழுத்துப்பூர்வமான புகார் தரலாம், எதற்குத் தர முடியாது என்று விதித்தாளில் அச்சிடுங்கள். தகுதியில்லாத ஆட்டக்காரர், பட்டியலில் இல்லாத பெயர் போன்றவற்றுக்குத் தரலாம். பெனால்டி, ஆஃப்சைடு, கோலா இல்லையா என்பதற்கெல்லாம் முடியாது. ஆட்டத்தின் நிகழ்வுகள் பற்றி நடுவர் எடுத்த முடிவே இறுதி என்பது உலகம் முழுதும் உள்ள விதி. கோல் விழுந்ததா என்பதும் ஆட்ட முடிவும் அதற்குள் அடக்கம். "வீடியோ இருக்கு சார்" என்று போனை நீட்டுபவர் கட்டாயம் ஒருவர் வருவார். போன் வீடியோ பரிசீலிக்கப்படாது என்ற வரியும் தாளில் இருக்கட்டும்.

4. ஆடும் அணிகளோடு தொடர்பில்லாத நடுவர்களைத் தேடுங்கள். சென்னையில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920 முதல் இயங்குகிறது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்டக் கால்பந்துச் சங்கத்திடம் கேட்கலாம். ஊதியத்தை முதல் ஆட்டத்துக்கு முன்பே உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். சாப்பாடு உங்கள் பொறுப்பு. ஒரு அணியின் பிரியாணிப் பொட்டலத்தை நடுவர் வாங்கிச் சாப்பிட்டால், மாலை இறுதியாட்டத்தில் அந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் பேச்சு எழும்.

5. பயிற்சியாளரிடம் ஒரு பக்க ஒப்புதல் வாங்குங்கள். "என் அணியின் பெற்றோர் நடத்தைக்கு நானே பொறுப்பு" என்ற வரி அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்துக்கு அலைய வேண்டாம். ஐம்பது பேர் படிக்காமல் போடும் கையெழுத்தைவிட, ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்து படித்துப் போடும் கையெழுத்து அதிகம் வேலை செய்யும்.

மைதானத்தை அமைத்தல்: நிழல் எங்கே, கூட்டம் அங்கே

பெரும்பாலான அமைப்பாளர்கள் கோட்டை விடும் இடம் இது. அறிவிப்புப் பலகை, உறுதிமொழி எல்லாவற்றையும்விடக் கயிறும் பந்தலும் அதிகம் சாதிக்கும்.

பகல் பதினோரு மணி வெயிலில் மனிதர்கள் நிழலைத் தேடித்தான் போவார்கள். மைதானத்தில் உள்ள ஒரே வேப்பமரம் கோலுக்குப் பின்னால் நின்றால், பெற்றோர் அத்தனை பேரும் கோல்கீப்பரின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். அங்கிருந்து ஒவ்வொரு ஆஃப்சைடுக்கும் தீர்ப்பு வரும். எனவே முதலில் நிழலைத் தீர்மானியுங்கள்.

1. இரண்டு அணிகளின் பெஞ்சும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பெற்றோர் எதிர்ப்பக்கம். பயிற்சியாளருக்கும் பெற்றோருக்கும் இடையில் முழு மைதானமும் இருந்தால், ஒருவர் கோபத்தை இன்னொருவர் ஊதிப் பெரிதாக்க முடியாது.

2. பெற்றோர் பக்கத்தில் பக்கக்கோட்டிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008இல் தொடங்கிய 'ரெஸ்பெக்ட்' திட்டத்தில் பார்வையாளருக்கு வகுத்த இடைவெளி இதுதான். உங்களிடம் இடமிருந்தால் 3 மீட்டர் விடுங்கள். கோட்டை ஒட்டி ஓடும் உதவி நடுவரின் காதுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பதே நோக்கம்.

3. சாமியானா பந்தலைக் கயிற்றுக்குப் பின்னால் போடுங்கள். தண்ணீர் கேனும் நாற்காலியும் அதனடியில் இருக்கட்டும். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரைவிடக் குறைவாகத்தான் கத்துவார்.

4. கோலுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அங்கே மரம் இருந்தால் மரத்தைச் சுற்றியும் கயிறு கட்டுங்கள்.

5. அணிப் பெஞ்சுக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு கட்டம் போடுங்கள். விதிப்படி அது பெஞ்சின் இருபுறமும் 1 மீட்டர் நீளும். பக்கக்கோட்டுக்கு 1 மீட்டர் முன்பே நின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுந்து ஆட்ட யோசனை சொல்லலாம். கட்டம் இல்லாவிட்டால், "கட்டத்துக்குள்ள போங்க சார்" என்று நடுவர் எதைக் காட்டிச் சொல்வார்?

6. நடுவர்களுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். கதவு உள்ள அறை கிடைத்தால் அறை, இல்லாவிட்டால் அமைப்பாளர் மேசைக்குப் பின்னால் நான்கு நாற்காலி. பெண் நடுவர் வருகிறார் என்றால் உடைமாற்றத் தனி அறையும் கழிப்பறையும் உண்டா என்று முதல் நாளே நேரில் போய்ப் பாருங்கள்.

குறிப்பு: செயற்கைப் புல் டர்ஃப் மைதானங்களில் வலைக்கு வெளியேதான் பார்வையாளர் இருப்பார்கள் என்பதால் இடைவெளி தானாகக் கிடைக்கும். ஆனால் வலைக் கதவு திறந்தே கிடக்கும். அந்தக் கதவருகே ஒருவரை நிறுத்துங்கள்.

குறிப்பு: நன்கொடையாளர், வட்டாரப் பிரமுகர் ஆகியோருக்கு மேடை அமைப்பாளர் பக்கத்தில் இருக்கட்டும். இடைவேளையில் நடுவரின் தோளில் கைபோட்டு "கொஞ்சம் பார்த்துக்கங்க தம்பி" என்று அவர்கள் நல்லெண்ணத்தில் சொன்னாலும், பார்ப்பவர்களுக்கு அது வேறு மாதிரித்தான் தெரியும்.

காலைக் கூட்டம்: ஐந்து நிமிடம் போதும்

முதல் ஆட்டத்துக்கு அரைமணி முன்பு பயிற்சியாளர்களையும் கேப்டன்களையும் கூப்பிடுங்கள். நடுவர்களையும் பக்கத்தில் நிறுத்துங்கள். நீண்ட உரை வேண்டாம். இப்படிப் பேசினால் போதும்:

"சார், மேடம், வணக்கம். மூணே விஷயம். ஒண்ணு, ரெஃப்ரிகிட்ட ஏதாவது கேட்கணும்னா கேப்டன் மட்டும் போய்க் கேட்கட்டும். ரெண்டு, உங்க பேரன்ட்ஸ் உங்க பொறுப்பு. அவங்க சத்தம் போட்டா நான் நேரா உங்ககிட்டதான் வருவேன். மூணு, மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு டீமும் ரெஃப்ரிக்குக் கை கொடுத்துட்டுத்தான் வெளியே போகணும்."

இதைச் சொல்லும்போது நடுவர் அங்கே நிற்பது முக்கியம். தன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு துண்டுத்தாள் கொடுங்கள், அல்லது அணியின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பச் சொல்லுங்கள். அறிவுரையைவிட விதி பயன்படும். கோட்டோரக் கத்தலில் பெரும்பங்கு விதி தெரியாமல் வருவதுதான். இவற்றை மட்டும் எழுதுங்கள்:

- த்ரோ-இன், கோல் கிக், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேராகப் பந்தைப் பெற்றால் ஆஃப்சைடு கிடையாது. தன் பாதி மைதானத்தில் இருப்பவருக்கும் கிடையாது.
- ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டுமே குற்றமாகாது. ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம்.
- பந்து கையில் பட்டதெல்லாம் ஹேண்ட்பால் ஆகாது.
- பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே.

பயிற்சியாளர்தான் திறவுகோல்

பெற்றோர் கூட்டத்தைத் தனியாகத் திருத்த முயல்வது வீண் வேலை. அவர்கள் எந்நேரமும் பயிற்சியாளரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் இரண்டு கையையும் விரித்து வானத்தைப் பார்த்தால், அடுத்த நொடியே எதிர்ப்பக்கத்திலிருந்து கூச்சல் எழும். பத்து வயதுப் பையன் நடுவரை நோக்கிக் கை வீசுவதும் அங்கிருந்து கற்றதுதான். அவர் பேசாமல் அடுத்த ஃப்ரீ கிக்குக்குச் சுவர் அமைக்கச் சொன்னால், கூட்டமும் அடங்கிவிடும்.

பயிற்சியாளருக்குக் கார்டு காட்டலாம் என்பது நம்மூரில் பல இளம் நடுவர்களுக்கே தெரியாது. 2019-20 பருவத்திலிருந்து அணி அலுவலருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு. உங்கள் நடுவர்களோடு காலையில் இதை ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள்:

1. சாதாரண முணுமுணுப்புக்கு முதலில் வாய்மொழி எச்சரிக்கை.
2. தொடர்ந்து எதிர்ப்புக் காட்டுவது, திரும்பத் திரும்பக் கட்டத்தைத் தாண்டுவது, எதிரணிக்குக் கார்டு காட்டச் சொல்லிக் கையால் சைகை செய்வது: மஞ்சள்.
3. நடுவரோடு மோத மைதானத்துக்குள் வருவது, வசைச்சொல் பேசுவது: சிவப்பு.
4. பெஞ்சிலிருந்து யார் கத்தினார் என்று தெரியவில்லையா? அங்கே இருக்கும் மூத்த பயிற்சியாளருக்கே அந்தக் கார்டு போகும்.

நான்காவது விதியைக் காலைக் கூட்டத்திலேயே உரக்கச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு பெஞ்சைப் பயிற்சியாளரே பார்த்துக்கொள்வார்.

பயிற்சியாளருக்கு நியாயமான குறை இருந்தால் அதைச் சொல்ல ஒரு வழியும் திறந்திருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து இருபது நிமிடம் கழித்து, அமைப்பாளர் மேசையில், உட்கார்ந்து, உங்களிடம் சொல்லட்டும். எழுதிக்கொள்ளுங்கள். அதில் உண்மை இருந்தால் நடுவரிடம் தனியாகப் பேசுங்கள். குறை சொல்ல இடமே இல்லாத போட்டியில் குறையெல்லாம் கோட்டோரத்தில்தான் வெடிக்கும்.

ஆட்டக்காரச் சிறுவர்களே நடுவரோடு வாதாடத் தொடங்கினால் தற்காலிக வெளியேற்றம் நல்ல மருந்து. சிறார் ஆட்டங்களுக்கு இதை விதிகள் அனுமதிக்கின்றன. மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் வெளியே உட்கார வேண்டும்; 40 நிமிட ஆட்டத்தில் 4 முதல் 6 நிமிடம். இங்கிலாந்தில் அடித்தட்டுப் போட்டிகளில் இதைச் சோதித்துப் பார்த்தபோது நடுவரோடு வாதாடுவது 38 சதவீதம் குறைந்தது. ஆனால் இதை ஆட்டத்தன்று திடீரென்று கொண்டுவராதீர்கள். விதித்தாளில் இருக்க வேண்டும்.

ஆட்டம் நடக்கும்போது: படிப்படியாக

ஒரு அப்பா கத்துகிறார். என்ன செய்வது? கீழ்க்காணும் வரிசையை மாற்றாதீர்கள். ஆனால் அடி, மிரட்டல், சாதியையோ உடலையோ பெண் என்பதையோ இழுத்துப் பேசுவது என்று வந்தால் நேராக நான்காம் படிக்குப் போங்கள்.

1. பக்கத்தில் போய் நில்லுங்கள். எதுவும் பேச வேண்டாம். மேலங்கி போட்ட ஒருவர் தோளுக்கருகே நிற்பதே பலருக்குப் போதும். இரண்டு நிமிடம் நின்றுவிட்டு நகருங்கள்.

2. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "அண்ணா, ரொம்ப நேரமா வெயில்ல நிக்கிறீங்க. கொஞ்சம் இப்படி வாங்க, தண்ணி குடிங்க." பந்தலுக்குப் பின்னால் அழைத்துப் போன பிறகு சொல்லுங்கள்: "அந்த ரெஃப்ரி காலேஜ் படிக்கிற பொண்ணு. நம்ம பசங்க எல்லாரும் உங்களையும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. கைதட்டுங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க. தீர்ப்பை மட்டும் விட்டுடுங்கண்ணா." தீர்ப்பு சரியா தவறா என்ற பேச்சுக்குள் நீங்கள் நுழையவே கூடாது.

3. அடங்கவில்லையா? அடுத்து பந்து வெளியே போகும்போது நடுவரிடம் சைகை காட்டுங்கள். ஆட்டம் நிற்கட்டும். அந்த அணியின் பயிற்சியாளர் மைதானத்தைக் கடந்து வந்து தன் பெற்றோரிடம் பேச வேண்டும். நடுவர் மைய வட்டத்திலேயே நிற்கட்டும். கூட்டத்தின் பக்கம் ஓர் அடிகூட வரக் கூடாது.

4. மறுபடியும் நடந்தால் ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள். இரு அணிகளும் தங்கள் பெஞ்சுக்குப் போகட்டும், நடுவர்கள் தங்கள் இடத்துக்கு வரட்டும். "குறிப்பிட்ட நபர் மைதானத்தை விட்டு வெளியேறும்வரை ஆட்டம் தொடராது" என்று அறிவியுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள். மைக்கில் ஒருவர் பெயரைச் சொன்னால், அதன் பிறகு அவர் தன் மானத்துக்காகச் சண்டை போடுவார்.

5. ஐந்து நிமிடத்தில் வெளியேறாவிட்டால் நடுவர் ஆட்டத்தைக் கைவிடலாம். அந்த முடிவை அவர் எடுத்தால் முழுமையாக அவர் பக்கம் நில்லுங்கள். கைவிட்ட ஆட்டத்தின் புள்ளிகள் என்ன ஆகும் என்பது விதித்தாளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடிக்கடி நேரும் தவறுகள்:

"சின்னப் பையன் சார், புதுசு, விட்டுடுங்க." சமாதானமாகத்தான் சொல்கிறோம். ஆனால் தீர்ப்பு தவறு என்று அமைப்பாளரே ஒப்புக்கொண்டதாக அந்தப் பெற்றோர் எடுத்துக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் பந்தல் முழுக்க அது பரவும். நடுவரின் வயதையும் அனுபவத்தையும் பற்றிக் கோட்டோரத்தில் பேசவே வேண்டாம்.

சத்தம் தாங்காமல் இடைவேளையில் நடுவரை மாற்றுவது. இது இன்னும் பெரிய தவறு. கத்தினால் நடுவர் மாறுவார் என்று கூட்டம் கற்றுக்கொள்ளும். காயமோ உடல்நலக் குறைவோ இல்லாமல் மாற்றாதீர்கள்.

பிள்ளையின் எதிரே அப்பாவைக் கண்டிப்பதும் அவர் கையைப் பிடித்து இழுப்பதும் கூடாது. பெண்களிடம் பெண் பொறுப்பாளரே பேசட்டும்.

நடுவர் இளையவர் என்றால்

1. ஒரு சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள். நடுவர் இரு கையையும் தலைமேல் வைத்தால், எல்லைப் பொறுப்பாளர் உடனே போக வேண்டும்.

2. முதன்முதலாக விசில் ஊதுபவருக்குக் காலையின் முதல் ஆட்டங்களைக் கொடுங்கள். வெயிலும் கூட்டமும் பந்தயமும் ஏறுவது மதியத்துக்கு மேல்தான். அரையிறுதியும் இறுதியும் அனுபவசாலிகளுக்கு.

3. ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு ஆட்டத்துக்குமேல் தராதீர்கள். களைத்த நடுவர் பந்தைவிட்டுத் தூரத்தில் நிற்பார். தூரத்திலிருந்து வரும் சரியான தீர்ப்பைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

4. கோட்டோரத்துக்குப் பதில் சொல்லாதே என்று கற்றுக்கொடுங்கள். விசிலைப் பலமாக ஊதுவது, கையைத் தெளிவாக நீட்டுவது, தீர்ப்பு சொன்னதும் நடந்து போய்விடுவது: இந்த மூன்றும் பழகினால் பாதிக் கத்தல் குறையும்.

பெண் நடுவர் என்றாலே "இவங்களுக்கு என்ன தெரியும்" என்று தொடங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி இந்தியாவுக்கு ஆடி, பிறகு ஃபிஃபா நடுவராகவும் ஆனவர். அந்த வழியில் அடுத்து போகப்போகும் பெண் உங்கள் மைதானத்தில் இன்று 12 வயதுப் பிரிவுக்கு விசில் ஊதிக்கொண்டிருக்கலாம். அவரை விரட்டும் பேச்சுக்கு எச்சரிக்கைகூட வேண்டாம். நேராக வெளியே அனுப்புங்கள்.

ஒன்பது வயதுக்குக் கீழே: நடுவரே வேண்டாம்

ஜெர்மனியில் ஆகன் பகுதியில் தொடங்கிய ஒரு முறை மிகச் சிறிய பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்தும். நடுவர் கிடையாது, பிள்ளைகளே ஃபவுல், த்ரோ-இன் சொல்லிக்கொள்வார்கள். இரு பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பார்கள், மிகவும் தேவையானால் மட்டும் பேசுவார்கள். பெற்றோர் சுமார் 15 மீட்டர் தள்ளி. நம் தெருவில் ரப்பர் பந்து வைத்து ஆடும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தானே ஆடுகிறார்கள்! உங்கள் 8 வயதுப் பிரிவில் ஒருமுறை செய்து பாருங்கள்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் சிறுமியர் லீக் ஒன்று 1999 அக்டோபரில் ஒரு ஞாயிறு முழுக்கப் பெற்றோரையும் பயிற்சியாளரையும் பேசாமல் பார்க்கச் சொன்னது. அந்த யோசனை பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. நாள் முழுக்க மௌனம் என்பது நம்மூருக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன்; கைதட்டலும் ஆரவாரமும் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் கைதட்டல் போதும், சொல் வேண்டாம் என்று வையுங்கள். ஆட்டத்தின் தொனி அந்த ஐந்து நிமிடத்தில் அமைந்துவிடும்.

நீங்கள் பெற்றோராக நிற்கும்போது

உங்கள் பிள்ளைக்குத் தவறான ஃபவுல் கொடுக்கப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த பத்து நொடியில் அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பான். அப்போது கை தட்டுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் நடுவரைப் பற்றிப் பேச்சை நீங்கள் ஆரம்பிக்காதீர்கள்; அவன் ஆரம்பித்தால் "அடுத்த பந்துல நீ என்ன பண்ணின?" என்று கேளுங்கள். கோபம் அடங்கவில்லையென்றால் மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

கடைசி விசிலுக்குப் பிறகு: பாதுகாப்பு

மிக ஆபத்தான நேரம் ஆட்டம் முடிந்த பிறகு வரும் பதினைந்து நிமிடம். 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேர நகரில் ஒரு சிறுவர் ஆட்டம் முடிந்ததும், லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்த தந்தை ஒருவரை எதிரணியினர் கீழே தள்ளி உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அவருடைய மகன் அந்த ஆட்டத்தில் ஆடியவன். வழக்கில் பதின்வயதினர் பலரோடு, ஆட்டக்காரர் ஒருவரின் தந்தையும் தண்டிக்கப்பட்டார். எங்கோ நடந்தது என்று தள்ளிவிடாமல் இந்த வரிசையை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கடைப்பிடியுங்கள்:

1. கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லைப் பொறுப்பாளர் நடுவர்கள் வெளியேறும் வழியில் போய் நிற்க வேண்டும்.
2. விசில் ஊதியதும் அணிகள் மைய வட்டத்துக்கு வரட்டும், கை கொடுக்கட்டும். பெற்றோர் கயிற்றைத் தாண்ட அனுமதி இல்லை.
3. நடுவர்கள் மூவரும் சேர்ந்தே நடக்கட்டும். பொறுப்பாளர் கூட்டத்தின் பக்கமாக நடக்கட்டும்.
4. பதற்றமான ஆட்டமென்றால், நடுவர் பைக் நிறுத்திய இடம்வரை, தேவைப்பட்டால் பஸ் ஸ்டாப் வரை ஒருவர் கூடவே போக வேண்டும்.
5. யாராவது கைவைத்தால் 112க்கு அழையுங்கள். காயம் என்றால் 108. "உள்ளுக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்" என்பதற்கு இடமில்லை. அடிப்பது குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 115ஆம் பிரிவில் அது வரும். புகார் தருவதா என்று நடுவர் முடிவு செய்யட்டும். ஸ்டேஷனுக்கு நீங்களும் கூடப் போங்கள்.

அறிக்கையும் நடவடிக்கையும்

சம்பவம் நடந்த அன்று இரவுக்குள் நடுவரிடம் எழுதி வாங்குங்கள். எந்த ஆட்டம், எத்தனையாவது நிமிடம், எந்த அணியின் பக்கம், யார் கேட்டார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். பேசிய சொல்லை அப்படியே எழுதச் சொல்லுங்கள்; "தகாத வார்த்தை பேசினார்" என்று எழுதினால் பிறகு நடக்கும் விசாரணையில் அதற்கு மதிப்பிருக்காது. எல்லைப் பொறுப்பாளரும் தனியாக எழுதட்டும். இருவரும் கலந்து பேசி எழுதக் கூடாது.

ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் குழு உட்கார்ந்து முடிவெடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதையும் கேளுங்கள். பெற்றோரின் தவறுக்குப் பிள்ளையை ஆட்டத்திலிருந்து நீக்காதீர்கள். அந்தப் பெரியவருக்கே மைதானத் தடை விதியுங்கள். பயிற்சியாளர் என்றால் ஆட்டத் தடை. முடிவைக் கடிதமாக அந்த அணிக்கு அனுப்புங்கள், நடுவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பிறகு அவரை போனில் கூப்பிட்டு, அடுத்த போட்டியின் தேதியைச் சொல்லி, வர முடியுமா என்று கேளுங்கள்.